ஆசியா என்றால் மாறு செய்பவளா? வொய்ஸ் கட் அனுப்புகிறவர்களுக்கு ஒரு டீச்சர் எழுதுவது



பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிட்டு கொமெண்ட் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். முழுதாக வாசித்துவிட்டு ஏசுகிறவர்கள் ஏசலாம்.

போன கிழமை தரம் 10 வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஆசியா" என்றேன். பதில் இல்லை. பிள்ளை முன் வாங்கில்தான் இருக்கிறாள், தலையைக் குனிந்துகொண்டு. இரண்டாம் தரமும் கூப்பிட்டேன். பக்கத்துப் பிள்ளை எழும்பி, "டீச்சர், அவவ இனி அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட வாணாமாம்" என்றாள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். அழுதுகொண்டே சொன்னாள்: "எண்ட பேருக்கு அல்லாஹ்வுக்கு மாறு செய்றவள் எண்டு அர்த்தமாம் டீச்சர். அதனாலதான் வாப்பா விழுந்தாராம்."

அவளுடைய வாப்பா மேசன். மூன்று மாதத்துக்கு முன் வேலைத்தளத்தில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து வீட்டில் இருக்கிறார். உழைப்பு நின்றுவிட்டது. அந்த வீட்டுக்குள் ஒரு வொய்ஸ் கட் போய் நுழைந்திருக்கிறது.

(ஆளைத் தேட வேண்டாம். நம் கரையோர ஊர்களில் ஆசியாக்களுக்குக் குறைவில்லை. ஒரு தெருவுக்கு ஒரு ஆசியா உம்மா இருந்த காலத்தில் வளர்ந்தவள் நான். பிள்ளையிடமும் பெற்றாரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

மறுநாள் பிள்ளையின் உம்மா பாடசாலைக்கு வந்தா. கையில் பிறப்புச் சான்றிதழ். "டீச்சர், அடையாள அட்டைக்கு எழுத முதல் இவட பேர மாத்தணும். அதிபருக்கிட்ட ஒரு கடிதம் எடுத்துத் தாங்க." போனை எடுத்து அந்தக் குரலை எனக்கும் கேட்கச் செய்தா. நான்கு நிமிடம். பேசுகிறவர் யார் என்று தெரியாது. எந்த ஊர் என்று தெரியாது. குரல் மட்டும் கணீர் என்று இருக்கிறது. ஆசியா என்ற பெயரை நபி (ஸல்) அவர்கள் மாற்றினார்கள், அதற்கு மாறு செய்பவள் என்று பொருள், இந்தப் பெயர் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் பரக்கத் இருக்காது, உடனே மாற்றுங்கள், இதைக் கேட்ட நீங்கள் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். இவ்வளவுதான் விடயம்.

நான் ஆலிமா அல்ல. தமிழ் படிப்பிக்கிற டீச்சர். ஆனால் இந்தக் குரல் செய்திருக்கும் பிழை மார்க்கச் சட்டத்துக்குப் போக முதலே எழுத்திலேயே தொடங்குகிறது. எழுத்து என்றால் அது என் பாடம். ஆகவே பேசுகிறேன்.

அந்தக் குரல் சொன்ன ஹதீஸ் உண்மையானது. முஸ்லிம் கிரந்தத்தில் இப்னு உமர் (ரழி) அவர்கள் வாயிலாக வருகிறது. உமர் (ரழி) அவர்களின் மகள் ஒருவருக்கு இருந்த பெயரை நபியவர்கள் மாற்றி ஜமீலா என்று வைத்தார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் அரபில் ஐன் எழுத்தில் தொடங்கும். அடுத்து அலிப், அதன்பின் ஸாத். அந்த வேர்ச்சொல்லுக்குத்தான் மாறு செய்தல் என்று பொருள். பாவம் செய்தல் என்று நாம் சொல்கிற மஃஸியத்தும் அதே வேரில் வருவது.

நம் உம்மும்மாமார் வைத்த ஆசியா வேறு. அது அலிப் எழுத்தில் தொடங்கும், மேலே மத்து இருக்கும். அடுத்து வருவது ஸீன். பிர்அவ்னின் மனைவி ஆசியா (அலை) அவர்களின் பெயர் அது. அரபு வேரை வைத்துப் பார்த்தால் ஆறுதல் தருபவள், காயத்துக்கு மருந்திடுபவள் என்ற பொருள் வரும். தூண் என்றும் ஒரு பொருள் உண்டு.

அரபில் எழுதினால் இரண்டும் இரண்டு பெயர்கள். முதல் எழுத்தே வேறு. தமிழில் எழுதும்போது ஐனுக்கும் அலிபுக்கும் தனித்தனி எழுத்து நம்மிடம் இல்லை. ஸாதுக்கும் ஸீனுக்கும் இல்லை. எல்லாம் ஆ, எல்லாம் ஸ அல்லது ச. இது தமிழின் குற்றம் கிடையாது. ஒவ்வொரு மொழியும் தன் வாயில் இருக்கிற ஒலிக்குத்தான் எழுத்து வைத்திருக்கும். இதைத் தெரிந்துதான் நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் என்ற ஒன்றையே வைத்திருந்தார்கள். அதில் எழுதி வாசித்த ஒரு கிழவிக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. நாம் அதை விட்டுவிட்டோம். விட்டதோடு நிற்காமல், இப்போது அந்தக் கிழவிகளின் பெயருக்கே பிழை பிடிக்கிறோம்.

தமிழ் எழுத்தை வைத்து அரபுப் பெயருக்குப் பொருள் பார்ப்பதென்றால், வாருங்கள், எல்லாப் பெயரையும் பார்ப்போம்.

கலீல். இப்றாஹீம் நபியின் சிறப்புப் பெயர், கலீலுல்லாஹ், அல்லாஹ்வின் நேசர். இதையே முதல் எழுத்தை மாற்றி வாசித்தால் கொஞ்சம், சொற்பம் என்று பொருள் வரும். ஊரில் உள்ள கலீல்கள் எல்லோரும் சொற்பமா?

அப்துல் அலீம். எல்லாம் அறிந்தவனின் அடியான். ஐனை அலிபாக்கிப் பாருங்கள். வேதனை தரக்கூடியது என்று வந்து நிற்கும். அலீம் நானாமார் எல்லோரும் நாளைக்கே பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்பதா?

கல்பு என்று பயானில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிறோம். உள்ளம். எழுத்தை மாற்றினால் நாய். அதற்காக பயானை நிறுத்தினோமா?

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்கிறேன். கொழும்பு ஸாஹிராக் கல்லூரி. 1892இல் சித்தி லெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் முன்நின்று தொடக்கிய இடம். இந்த நாட்டு முஸ்லிம்களின் கல்விக்கு அது செய்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸாஹிரா என்றால் ஒளி வீசுவது. ஆனால் தமிழில் ஸ என்று எழுதியிருக்கிறதே! அதை ஸீன் என்று எடுத்து, ஹாவையும் மாற்றி வாசித்தால் சூனியக்காரி என்று பொருள் வரும். இந்த வொய்ஸ் கட் ஆளின் கணக்குப்படி, 130 வருடத்துக்கு மேலாக நாம் பிள்ளைகளைச் சூனியக்காரியின் பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். சிரிப்பு வருகிறதுதானே? ஆசியாவுக்கு அவர் செய்தது இதே வேலைதான். அங்கே மட்டும் ஏன் நமக்குச் சிரிப்பு வரவில்லை? அது ஒரு ஏழை மேசனின் மகளுடைய பெயர் என்பதாலா?

உம்மாவிடம் வாயால் சொல்லி விளங்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டேன். "மகள், குர்ஆன் மத்ரஸாவில உங்கட பேர அரபில எழுதப் பழக்கினாங்களா?" "ஓம் டீச்சர்." சோக்கைக் கொடுத்தேன். கரும்பலகையில் எழுதினாள். அலிப், மேலே மத்து, ஸீன், யே, கடைசியில் தே. சின்ன வயதில் ஓதிக் கொடுத்த உஸ்தாத் சரியாகத்தான் பழக்கியிருக்கிறார். அதன் கீழே ஐன் போட்டு, ஸாத் போட்டு மற்றப் பெயரை நான் எழுதினேன். "இதில எது உங்கட பேர்?" மேலே இருந்ததைக் காட்டினாள். உம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தா.

இனி, ஆசியா (அலை) யார் என்று பார்ப்போம். வொய்ஸ் கட் அனுப்பியவருக்கு இது மறந்துபோயிருக்கலாம்.

ஆற்றில் மிதந்து வந்த குழந்தையைக் கொல்ல வேண்டாம், இது நமக்குக் கண்குளிர்ச்சியாக இருக்கும் என்று கணவனைத் தடுத்த பெண். ஆண் குழந்தைகளைத் தேடித் தேடிக் கொன்றவனின் மாளிகைக்குள் நின்று அதைச் சொன்னவர். ஸூரத்துல் கஸஸில் வருகிறது. ஸூரத்துத் தஹ்ரீமில் ஈமான் கொண்டோருக்கு உதாரணமாக அல்லாஹ் காட்டுவது இந்தப் பெண்ணைத்தான். அரசியாக இருந்தவர், சுவர்க்கத்தில் ஒரு வீட்டைக் கேட்டார், பிர்அவ்னிடமிருந்தும் அவன் செயலிலிருந்தும் காப்பாற்றும்படி கேட்டார். குர்ஆனில் பெயர் சொல்லப்படவில்லை. புகாரியில் பெயரோடு வருகிறது, மர்யம் (அலை) அவர்களோடு சேர்த்து, பூரணத்துவம் அடைந்த பெண்ணாக.

ஆம், அவர் மாறு செய்தவர்தான். பிர்அவ்னுக்கு! அந்த மாறு செய்தலைத்தான் அல்லாஹ் புகழ்கிறான்.

அநியாயக்காரன் வீட்டில் இருந்துகொண்டு ஈமானைக் காப்பாற்றிய பெண் என்பதால்தான் நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தப் பெயர் மேல் அவ்வளவு பிரியம் இருந்தது. மகளுக்கு ஆசியா என்று வைத்த உம்மும்மாமாருக்கு அகராதி தெரியாது. கதை தெரியும். நம் ஊரில் பெயரின் பொருள் அப்படித்தான் வந்து சேர்ந்தது, ஆட்களின் வாழ்க்கையாக. ஸைனப் செய்னம்பு ஆனதும், கதீஜா கதீசா உம்மா ஆனதும், பாத்திமா பாத்தும்மா ஆனதும் அன்பில்தான். இன்றைக்கு அந்தப் பெயர்களை வகுப்பில் கூப்பிட்டால் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். வெட்கத்தை யார் ஊட்டினது?

"நபியவர்கள் பெயர் மாற்றியிருக்கிறார்களே, டீச்சர் ஸுன்னத்தை மறுக்கிறாவா?" என்று ஒரு கேள்வி வரும். மறுக்கவில்லை. உண்மையில் கெட்ட பொருள் உள்ள பெயரை மாற்றுவது ஸுன்னத். அதோடு இதையும் பாருங்கள். பர்ரா என்ற பெயரை நபியவர்கள் ஸைனப் என்று மாற்றினார்கள். பர்ரா என்றால் என்ன? நல்லவள், புண்ணியவதி. நல்ல பொருள்தான்! தன்னைத் தானே புகழ்வதுபோல் இருந்ததால் மாற்றினார்கள். மறுபக்கம், உஹதில் ஷஹீதாகி மலக்குகள் குளிப்பாட்டிய ஸஹாபியின் பெயர் ஹன்ளலா. அது பாலைவனத்தில் காய்க்கிற கசப்பான ஒரு காய். அந்தப் பெயர் மாற்றப்படவில்லை. ஹஸ்ன் என்ற ஒருவரிடம் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஹஸ்ன் என்றால் கரடுமுரடு. வாப்பா வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்றார் அவர். வற்புறுத்தவில்லை. அந்தக் கடினம் குடும்பத்தில் தொடர்ந்தது என்று பின்னால் அவருடைய பேரர் சொன்னதும் புகாரியில் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அது உண்மையிலேயே கடினம் என்று பொருள் உள்ள பெயர். எழுத்து மாறி வாசித்த பெயர் இல்லை. நபியவர்கள் ஒவ்வொரு பெயரையும் ஆளைப் பார்த்து, மொழியைப் பார்த்துச் செய்தார்கள். நாம் ஆளையும் பார்ப்பதில்லை, மொழியையும் பார்ப்பதில்லை. போர்வர்ட் பண்ணுகிறோம்.

அடுத்தது, இந்தப் பெயரால் வாப்பா விழுந்தார் என்ற பேச்சு. இதுதான் எனக்கு மிகவும் நொந்தது. பறவை பறக்கும் திசையைப் பார்த்துச் சகுனம் சொன்ன ஜாஹிலிய்யாக் காலத்துப் பழக்கத்தை மார்க்கம் தியரா என்று சொல்லித் தடுத்தது. பூனை குறுக்கே போனால் திரும்பி வருகிறவரைப் பார்த்து ஷிர்க் என்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயரைச் சகுனமாக்கினால் அதற்கு என்ன பெயர்? அந்த மனுஷன் விழுந்தது சாரத்துப் பலகை சரியாகக் கட்டாததால். பாதுகாப்புப் பட்டி இல்லாததால். அதைப் பற்றி எந்த வொய்ஸ் கட்டும் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை வேலை கொடுத்தவரிடம் கேட்காமல், பிள்ளையின் தலையில் கட்டிவிட்டோம்.

புதிய பெயர் ஒன்றும் தயாராக இருந்தது. போனில் பெயர் அர்த்தம் சொல்கிற ஓர் அப்பில் எடுத்ததாம். சுவர்க்கத்தின் வாசனை என்று பொருள் போட்டிருந்தது. நான் இரண்டு மௌலவிமாரிடம் கேட்டேன். அப்படி ஒரு சொல்லே அரபில் இல்லை என்றார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதே பெயரில் ஊரில் இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு நடந்ததை இன்னொரு பிள்ளைக்கு நான் செய்யக்கூடாது. ஆனால் அந்த அப்பில் இன்னொன்றையும் கண்டேன். பொருளுக்குக் கீழே அதிர்ஷ்ட எண், அதிர்ஷ்ட நிறம், அதிர்ஷ்டக் கல்! சாத்திரக்காரரின் வாசலை மிதிக்க மாட்டோம் என்கிற நாம், சாத்திரக்காரரைப் போனுக்குள் வைத்துக்கொண்டு பிள்ளைக்கு இஸ்லாமியப் பெயர் தேடுகிறோம்.

பெயர் மாற்றுவது லேசான வேலை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சேர்வு இடாப்பு, அடையாள அட்டை விண்ணப்பம், சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம், எல்லாம் ஒரே பெயரில் இருக்க வேண்டும். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று ஓர் எழுத்துப் பிசகினாலே கந்தோர் கந்தோராக அலைகிற பெற்றாரை வருடா வருடம் பார்க்கிறேன். கால் முறிந்த மேசனின் மனைவி, ஓட்டோவுக்குக் காசு கொடுத்து அலைய வேண்டியிருந்தது நான்கு நிமிடக் குரலுக்காக.

பிள்ளையின் வாப்பாவைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். இவ்வளவு பேச்சு நடந்த வீட்டில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், அது எண்ட சாச்சிட பேர்."

2004 டிசம்பர் 26 அன்று அவருக்குப் பதினாறு வயது. உம்மாவையும் இரண்டு தங்கச்சிமாரையும் கடல் கொண்டுபோனது. வாப்பா அதற்கு முதலே மவுத். சாச்சிதான் எடுத்து வளர்த்தா. சாச்சிக்கு நான்கு பிள்ளைகள், இருந்தது தற்காலிகக் கொட்டில். ஐந்தாவது பீங்கானாக இவருக்கும் சோறு வைத்தா. மேசன் வேலை பழக அனுப்பினதும் அவதான், கலியாணம் பேசினதும் அவதான். மகள் பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போது மவுத்தாகிவிட்டா. ஏழாம் நாள் பெயர் வைக்கும்போது இவர் யோசிக்கவே இல்லையாம். ஆசியா.

"அந்தப் பேர மாத்தினா எனக்கு சாச்சி திரும்ப மவுத்தான மாதிரி இருக்கும் டீச்சர். ஆனா மார்க்கம் எண்டு சொல்றாங்க. நான் படிக்காதவன். என்னத்தச் சொல்ற?"

இதைத்தான் நான் கேட்கிறேன், சகோதரர்களே. மார்க்கம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு படிக்காத மனிதர் தன் சாச்சியைக் கூட விட்டுக்கொடுக்கத் தயாராகிறார். அவ்வளவு பயபக்தி அவருக்கு. அந்தப் பயபக்தியின் மேல் ஏறி நின்று, ஐனுக்கும் அலிபுக்கும் வித்தியாசம் பார்க்காமல் பேசுவதற்கு உங்களுக்கு யார் உரிமை தந்தது?

பெற்றாருக்கு டீச்சராக நான் சொல்வது இவ்வளவுதான். பெயரில் சந்தேகம் வந்தால் முதலில் அதை அரபில் எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிவாசலில் இருக்கிற, முகம் தெரிந்த, அரபு தெரிந்த மௌலவியிடம் போய் நேரில் கேளுங்கள். யாருடைய பெயராக வைத்தோம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்தக் கதையைப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். இந்தப் பிள்ளைக்குத் தன் பெயர் யாருடையது என்று இந்தக் கிழமைதான் முழுதாகத் தெரியும். வகுப்பில் அவளை ஆசியாக் கண்டம் என்று கேலி செய்கிற பொடியன்மாருக்கும் சொல்லிவிட்டேன், அந்தக் கண்டத்தின் பெயரையும் அரபில் அலிபும் ஸீனும் போட்டுத்தான் எழுதுவார்கள், மாறு செய்கிற எழுத்து அதிலும் இல்லை என்று.

"சந்தேகமானதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறதே" என்று கேட்பவர்களுக்கு: சந்தேகம் பெயரில் இருக்கவில்லை. வொய்ஸ் கட்டில்தான் இருந்தது. அதை விடுங்கள்.

உம்மா கடிதம் கேட்பதை நிறுத்தியிருக்கிறா. பிறப்புச் சான்றிதழைத் திருப்பி அலுமாரியில் வைத்துவிட்டதாகச் சொன்னா. மனது முழுதாகத் தெளிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பயம் ஒரு தரம் உள்ளே போனால் லேசில் வெளியே வராது. சொந்தக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்களாம், "இன்னும் மாத்தல்லியா?" என்று.

ஆகவே அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் பேசியிருப்பீர்கள். பிழை எல்லோருக்கும் வரும். எந்தெந்தக் குரூப்புகளுக்கு முதல் வொய்ஸ் கட்டை அனுப்பினீர்களோ, அதே குரூப்புகளுக்கு இன்னொன்று அனுப்புங்கள். நான்கு நிமிடம் தேவையில்லை. "நான் சொன்னது ஐனில் தொடங்கும் பெயர். உங்கள் பிள்ளையின் பெயர் அலிபில் தொடங்குவது, அது நல்ல பெயர், மாற்ற வேண்டாம்." அரை நிமிடம் போதும். அதையும் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அது வரும் வரைக்கும் என் இடாப்பில் அவள் ஆசியாதான். நாளைக்கும் அந்தப் பெயரைச் சத்தமாகவே கூப்பிடுவேன்.

வஸ்ஸலாம்.